அணையா அடுப்பு மூட்டிய வள்ளல்

உலகிலே உயிர்களுக்கு வரும் துன்பங்கள் பல. நோய் வந்தால் மருந்துண்டு. பகை வந்தால் விலகி நிற்க வழியுண்டு. பசி என்னும் துன்பமோ நாள்தோறும் தவறாமல் வருவது. இன்று தீர்த்து வைத்தாலும் நாளை மீண்டும் வாயிலில் வந்து நிற்பது. அரசனையும் ஆண்டியையும் ஒரே வகையாக வாட்டுவது. இந்தப் பசியைத் தீர்ப்பதையே தம் சமய வாழ்வின் முதற்படியாகக் கொண்டு, அதற்கென ஓர் அடுப்பை மூட்டி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது அணையாது எரியும்படி செய்து சென்ற மகான் ஒருவர் நம் தமிழினத்திலே தோன்றினார். அவரே வடலூர் இராமலிங்க சுவாமிகள். வள்ளலார் என்ற பெயரால் உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர் வரலாற்றை இம்மலரிலே எம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதென எண்ணுகின்றோம்.

தென்னார்க்காட்டுப் பகுதியிலே, தில்லைச் சிதம்பரத்துக்கு அணித்தாக உள்ள மருதூர் என்னும் சிற்றூரில், 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆந் திகதி சுவாமிகள் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை. அவ்வூர்க் கணக்கராகவும் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியராகவும் இருந்தவர். தாயார் சின்னம்மையார். பிள்ளைகள் ஐவருள் இராமலிங்கர் கடைசியானவர். குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே தந்தையார் காலமானார். கைக்குழந்தையோடும் மற்றப் பிள்ளைகளோடும் அன்னையார் தம் பிறந்த ஊராகிய பொன்னேரிப் பக்கத்துக்குச் சென்று, பின்னர் சென்னையிலே ஏழுகிணற்றுப் பகுதியிற் குடியேறினார். தந்தையை இழந்த ஓர் ஏழைக் குடும்பம் பட்டணத்திலே என்ன பாடுபடும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவராகிய சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து, அதனால் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பியைப் படிப்பித்து ஆளாக்க வேண்டும் என்பது தமையனாரின் ஆசை. தம்பியின் மனமோ ஏட்டிலே நிற்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலே போய் நின்று, தம்மை மறந்து பாடிக்கொண்டிருப்பதே அப்பிள்ளைக்கு இன்பமாயிருந்தது. இதனாற் சினங்கொண்ட தமையனார், படியாத பிள்ளைக்கு வீட்டிலே சோறு போடலாகாது என்று தம் மனைவியாருக்குக் கட்டளையிட்டார் என்றும், அந்த அம்மையார் மனம் பொறாது, கணவர் வெளியே சென்ற நேரம் பார்த்துப் பிள்ளையை அழைத்து இரகசியமாக அன்னமிட்டு வந்தார் என்றும் வரலாறு கூறுவோர் சொல்வர். பிற்காலத்திலே எண்ணிறந்த மக்களுக்குச் சோறிட்ட கை, ஒரு காலத்தில் யாரும் காணாதபடி அண்ணியார் இட்ட சோற்றை வாங்கி உண்ட கையாகும். இதனை நாம் மறத்தலாகாது. பசியின் கொடுமையை அவர் நூலிலே படித்தறிந்தவர் அல்லர். கொடுப்பவர் மனம் கனிந்திருந்தால் அந்தச் சோறு எத்தனை இனிக்கும் என்பதையும் அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

ஓதாதுணர்ந்த அறிவு அவரிடம் இருந்தது. ஒருமுறை தமையனார் நோயுற்றிருந்தபோது, அவருக்குப் பதிலாகச் சிறுவர் இராமலிங்கரே சென்று பெரியபுராணப் பிரசங்கம் செய்து கேட்டோரை வியக்க வைத்தார் என்பர். நாளடைவில் புலவர் பலர் அவரை நாடி வந்தனர். தொழுவூர் வேலாயுத முதலியார் முதலானோர் மாணாக்கராயினர். 1851ஆம் ஆண்டில் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854ஆம் ஆண்டில் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். திருவாரூரிலே கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழன் கதை அது. ஒரு வாயில்லாச் சீவனின் கண்ணீருக்கு ஓர் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்ற அறத்தைத் தம் முதல் உரைநடை நூல்களுள் ஒன்றுக்கு அவர் பொருளாக எடுத்தமை, பின்னால் வரப்போகும் வாழ்வுக்கு முன்னுரை போல அமைந்தது.

உறவினர் வற்புறுத்தலினால் 1850ஆம் ஆண்டளவில் அவருக்குத் திருமணம் நடந்தது. ஆயினும் இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை. 1858ஆம் ஆண்டிலே சென்னையை விட்டு நீங்கி, தலங்கள் பலவற்றை வணங்கி, சிதம்பரத்தை அடைந்தார். பின்பு வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழி என்னும் ஊரில், அங்கே மணியகாரராயிருந்த வேங்கட ரெட்டியாரின் வீட்டிலே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். பட்டணத்துப் பிரசங்கியார் கிராமத்து மனிதரானது இக்காலத்திலேதான். மழையை எதிர்பார்த்து ஏமாறும் உழவரையும், விளைச்சல் பொய்த்தபோது பட்டினி கிடக்கும் கூலிகளையும் அவர் அருகிருந்து கண்டார். நீரின்றிச் சோர்ந்து தலைசாயும் பயிரைக் கண்டாலும் அவர் உள்ளம் நைந்தது. வாசல் வாசலாகச் சென்று கேட்டும் வயிறு நிறையாமல் திரும்பியவர்களைக் கண்டு பதைத்தார். வறுமை வந்தும் பிறரிடம் கைநீட்ட மனம் ஒவ்வாத மானமுடையவர்களைக் கண்டபோதோ அவர் துயரம் இன்னும் பெரிதாயிற்று. கேட்பவனுடைய பசி எல்லார் காதிலும் விழும். கேளாதவனுடைய பசி அருளுள்ளம் படைத்தவருக்கு மட்டுமே கேட்கும்.

இரக்கப்பட்டுப் பாடியதோடு சுவாமிகள் நின்றுவிடவில்லை. 1865ஆம் ஆண்டிலே தம் கொள்கையை உடையோரைச் சேர்த்துச் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்த இரண்டாண்டுகளில் அந்தச் சங்கத்தின் அன்பு செயலாக உருவெடுத்தது. வடலூரிலே, சென்னையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருவழியும், கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்குச் செல்லும் வழியும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நாலா திசையிலிருந்தும் வழிப்போக்கர் வந்து கூடும் இடம் அது. அவ்வூரார் மனமுவந்து 80 காணி நிலத்தைத் தருமத்துக்காக எழுதிக் கொடுத்தனர். அந்நிலத்திலே 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆந் திகதி, பிரபவ வருடம் வைகாசி மாதம் 11ஆம் நாள் வியாழக்கிழமை, சத்திய தருமசாலை தொடங்கப்பட்டது. மண்சுவரும் கூரையுமாகவே அது ஆரம்பமாயிற்று. சுவாமிகளின் பாடல்கள் வேலாயுத முதலியாரின் முயற்சியாலே திருவருட்பா என்னும் பெயருடன் அச்சேறியதும் அதே ஆண்டிலேதான்.

தருமசாலையின் அமைப்பை இளைஞர்கள் நன்கு கவனித்தல் வேண்டும். அங்கே வெட்டப்பட்ட அடுப்பு நீண்ட கோட்டை அடுப்பு. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஆழமும் உடையது. ஒரே வேளையிலே பல அண்டாக்களை வரிசையாக ஏற்றலாம். இந்த அடுப்பு என்றும் அணையலாகாது என்பது சுவாமிகளின் ஆணை. வருகின்றவர் இன்ன தேசத்தார், இன்ன சாதியார், இன்ன சமயத்தார் என்று விசாரித்தல் கூடாது. அவர் நடத்தை நல்லதா தீயதா என்றும் ஆராய்தல் கூடாது. பசித்து வந்தார் என்ற ஒன்றே போதும். சாலை எந்தச் சிற்றரசனின் மானியத்தாலும் நடந்ததன்று. நிலம் ஊரார் கொடுத்தது. நெல்லும் அரிசியும் காய்கறியும் விறகும் அன்பர் கொடுப்பவை. சமைப்பதும் பரிமாறுவதும் இலையெடுப்பதும் தொண்டர் கைகள். கொடுப்பார் பலர், உழைப்பார் பலர், உண்பார் பலர். உரிமை பாராட்டுவார் ஒருவருமில்லர் என்னும்படி அது நடந்தது.

இத்தகைய தருமம் நடத்துவோருக்கு வரும் பெரிய இடர், நாளைக்கு அரிசி இல்லை என்ற கவலையாகும். அது வடலூருக்கும் வந்தது. ஒருநாள் களஞ்சியம் வெறுமையாயிற்று. சாலையை மேற்பார்த்தவர் கலங்கிச் சுவாமிகளிடம் சென்று முறையிட்டார். சுவாமிகள் சிறிது நேரம் தியானத்திலிருந்து, நாளைக்கு வரும் என்று தேற்றி அனுப்பினார் என்றும், மறுநாள் வெளியூர் அன்பர் ஒருவர் அனுப்பிய அரிசி வண்டிகள் சாலை வாயிலில் வந்து நின்றன என்றும் சொல்வர். இதனைத் திருவருட் செயல் என்று நம்புவோர் நம்பலாம். வேறொரு வகையாகவும் நோக்கலாம். ஓரிடத்திலே உண்மையான தருமம் தவறாது நடக்கின்றது என்ற நம்பிக்கை ஊரிலே வேரூன்றிவிட்டால், அதனைத் தாங்க எங்கிருந்தோ ஒரு வண்டி புறப்பட்டுக்கொண்டேயிருக்கும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதே தொண்டரின் கடமை.

தருமசாலையின் தத்துவத்தைச் சுவாமிகள் ஜீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலிலே விளக்கியிருக்கின்றார். பசி மிகுந்தபோது அறிவு மயங்குவதையும், கண் குழிந்து காது அடைத்து நாவுலர்வதையும், நம்பிக்கை குலைவதையும் ஒரு தேர்ந்த வைத்தியர் நோய்க்குறி சொல்வது போல அதிலே ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். பசித்தவனுக்குக் கடவுள் நினைவு வருவதும் அரிது என்பது அவர் கருத்து. ஆகவே அன்னமிடுதல் பூசைக்குப் பின் செய்யும் உபசாரமன்று, அதுவே பூசை. உயிர்களிடத்து இரக்கமில்லாதவர் செய்யும் தவமும் செபமும் பயன்படா என்று அவர் உறுதியாகக் கூறினார். இது கேட்பதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்கு அரிது. கோயிலுக்குச் சுண்ணம் பூசவும் கோபுரம் எழுப்பவும் ஆயிரமாயிரமாகக் கொடுப்போர், கோயில் வாசலிலே பசித்திருப்பவனை விலகிச் செல்லும் வழக்கம் அன்றும் இருந்தது. இன்றும் இல்லாமற் போகவில்லை.

1870ஆம் ஆண்டிலே சுவாமிகள் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்திற் சித்திவளாகம் என்னும் இல்லத்திலே வாழத் தொடங்கினார். 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆந் திகதி தைப்பூச நாளிலே, எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஞானசபைக்குள்ளே புகுவோர் கொலையும் புலாலும் தவிர்த்தவராயிருக்க வேண்டும் என்று சுவாமிகள் விதித்தார். தருமசாலைக்கோ அத்தகைய விதி எதுவுமில்லை. தம் கொள்கைக்கு உடன்படாதவராயினும், பசி என்று வந்தால் அவருக்கும் சோறிட வேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. வழிபாட்டு வாயிலுக்குக் காவல் வைத்தவர், அன்ன வாயிலைத் திறந்தே விட்டார்.

1873ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சித்திவளாகத்திற் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆந் திகதி இரவு அறையினுள்ளே சென்று கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டார். பின்னர் அவரைக் கண்டவர் இல்லை. அரசாங்க அதிகாரிகளும் வந்து பார்த்துச் சென்றனர். அவர் ஜோதியிற் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது.

அவர் மறைந்து இரண்டாண்டுகளிலே தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை வாட்டி, இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது அது. அக்காலத்திலே எம் யாழ்ப்பாணத்தையும் பஞ்சமும் வாந்திபேதியும் சேர்ந்து பிடித்தன. அவ்வேளையில் நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான், பொருளுள்ளவர்களிடம் பொருள் திரட்டி, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கி ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார்.

நாவலருக்கும் வள்ளலாருக்கும் இருந்த கருத்து வேறுபாட்டை எம் பெரியோர் நன்கு அறிவர். இராமலிங்கருடைய பாடல்களை அருட்பா என வழங்குதல் தகாது என்று நாவலர் எதிர்த்தார். போலியருட்பா மறுப்பு என்னும் கண்டனமும் எழுந்தது. 1869ஆம் ஆண்டிலே கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. அந்த வழக்கிலே எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே முனையவில்லை. நாம் காண்பது இதுவே: திருமுறை எது, அருட்பா எது என்பதில் வடதுருவமும் தென்துருவமுமாக நின்ற இரு பெரியோரும், பசித்தவன் முன்னே ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் வடலூரிலே சோறிட்டார். மற்றவர் வண்ணார்பண்ணையிலே கஞ்சி வார்த்தார். சமயத்திலே வாதத்துக்கு இடமுண்டு. அன்னத்திலே வாதத்துக்கு இடமில்லை. இவ்விருவரையும் போற்றும் கொழும்பு இளைஞர்களாகிய நாம், அவர்களுடைய சண்டையை மட்டும் முதுசமாகப் பெற்று, அடுப்பை விட்டுவிடலாகாது.

எம் நகரை நோக்குவோம். கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் நம்பி நாட்கூலிக்கு வாழும் குடும்பங்கள் பல. ஒருநாள் வேலையில்லையெனில் அன்றிரவு அடுப்பில்லை. வெள்ளவத்தையிலோ வறுமைக்கு வேறொரு முகம். காலி வீதிக்கு இருமருங்கும் எழுந்துள்ள மாடிவீடுகளிலே, வாடகை கொடுத்தபின் கையில் ஒன்றுமில்லாமல், வெளியே வரும்போது வெள்ளை வேட்டியும் நல்ல சேலையுமாக வருவோர் உண்டு. இவர்களே வள்ளலார் மிகுதியாக வருந்திய மானமுடைய ஏழைகள். 2020ஆம் ஆண்டிலே தொற்றுநோய்க்காக ஊரடங்கு இடப்பட்டபோதும் இவர்கள் வாய்திறக்கவில்லை. 2022ஆம் ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. ஏறத்தாழ இரட்டிப்பு விலை. அப்பொழுது எத்தனை வீடுகளிலே தாய்மார் தாம் உண்ணாமல் பிள்ளைகளுக்கு ஊட்டினர் என்பதை அந்த வீட்டுச் சுவர்களே அறியும்.

இந்நிலையிலே வள்ளலார் எமக்குக் காட்டும் வழி பெரிய மண்டபம் கட்டுவதன்று. ஒரு சிறு அறையும் ஒரு பூட்டும் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தால் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கலாம். எம் தாய்மார் பழைய பிடியரிசி வழக்கத்தை அறிவர். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்து, கிழமைக்கு ஒருமுறை கொடுத்துவிடுவது அது. நூறு வீட்டுப் பிடியரிசி சேர்ந்தால் பல வீடுகளின் உலை கொதிக்கும். பருப்பு, மா, சீனி, தேயிலை, தேங்காய் என வசதியுள்ளோர் தருவதைச் சேர்த்து உலருணவுப் பொதிகளாகக் கட்டலாம். ஒருவர் அரிசி அளக்க, ஒருவர் கணக்கெழுத, ஒருவர் மிதிவண்டியிலே கொண்டு சென்று கொடுக்க, முறை வைத்துச் செய்தால் ஒருவருக்கும் சுமையில்லை. ஆனால், விழா நாளிலே மட்டும் ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்துவிட்டு மறுநாள் கதவை மூடுவது வடலூர் முறையன்று. அணையாமையே அந்த அடுப்பின் சிறப்பு.

இன்னொன்றையும் கூறாமல் விடுதல் நன்றன்று. இக்காலத்திலே ஒரு பொதியைக் கொடுக்கும்போது பெறுபவரை நிறுத்திப் படம் பிடித்து ஊரறியச் செய்கின்றார்கள். கொடுத்தவர் பெயர் விளங்க வேண்டும் என்ற ஆசையினால், பெற்றவர் மானம் போவதை எண்ணுவாரில்லை. அந்தப் படத்திலே நிற்கும் தாயின் பிள்ளை மறுநாள் பாடசாலைக்குப் போக வேண்டும் என்பதை நினைத்தல் வேண்டும். சாதியும் சமயமும் நடத்தையும் விசாரியாதீர் என்று சொன்ன வள்ளலார், பெறுபவர் முகத்தைக் காட்சிப்பொருளாக்குவதை ஒருபோதும் ஒப்பியிரார். மாலை இருட்டியபின் கதவடியிலே பொதியை வைத்துத் தட்டிவிட்டு வருபவனே அவருடைய உண்மைத் தொண்டன். அண்ணியார் அன்று இரகசியமாக இட்ட சோறு அவ்வாறுதான் இடப்பட்டது.

தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டிலே, சுவாமிகள் பிறந்த ஒக்டோபர் 5ஆந் திகதியைத் தனிப்பெருங்கருணை நாள் என அறிவித்தது. நாளுக்குப் பெயரிடுதல் நன்றே. ஆயினும் வடலூரிலே 1867ஆம் ஆண்டு மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருப்பதே அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம். அன்று அதனை மூட்டியது ஒரு கை. பின்னர் அதில் விறகு தள்ளியவை பெயர் தெரியாத பல்லாயிரம் கைகள். அந்தக் கைகளின் வரிசையிலே எம் மன்றத்து இளைஞர்களின் கைகளும் சேர வேண்டும். பெரியோர் அரிசியைத் தாருங்கள்; இளைஞர்காள், நீங்கள் விறகைத் தள்ளுங்கள். அடுத்த ஆண்டு இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டிலேனும் அணைந்த அடுப்பு மீண்டும் எரிந்ததென்றால், வள்ளலாரின் வரலாற்றை இங்கே எழுதியதும் நீங்கள் படித்ததும் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.